வலப்பக்கம் ஓடும் பந்து

சில வியாதிகளுக்குப் பெயர் மட்டும் வெகு ருசியாக அமைந்துவிடுகிறது. சர்க்கரை வியாதி ஓர் உதாரணம். பெயரைக் கேட்டால் நாக்கில் நீர் ஊறும். வந்துவிட்டாலோ காப்பிக்குக்கூடச் சர்க்கரை கிடையாது. 'ஸ்லைஸ்' என்பதும் அந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். ரொட்டிக் கடையிலும் பழக் கடையிலும் அது நல்ல சொல். ஆனால் கோல்ப் ஆடுகிற ஒருவரிடம் போய் அந்தச் சொல்லை உச்சரித்துப் பாருங்கள். கடன்காரனைக் கண்டவர் போல் அவர் முகம் சுருங்கிவிடும்.

விஷயம் இதுதான். வலக்கைக்காரர் ஒருவர், தூரத்தில் தெரிகிற கொடியைப் பார்த்து, நேராக நின்று, நேராகத்தான் அடிக்கிறோம் என்ற பூரண நம்பிக்கையோடு பந்தை அடிக்கிறார். பந்தும் புறப்படும்போது யோக்கியமாகத்தான் புறப்படுகிறது. பாதி வழியில் அதற்கு என்ன தோன்றுமோ, தெரியாது. வலப்பக்கமாகத் திரும்பி, அரிவாள் போல் வளைந்து, புதரிலோ குளத்திலோ போய் விழுந்து விடுகிறது. ஒரு தடவை என்றால் காற்றின் மேல் பழியைப் போடலாம். பத்துத் தடவையும் அப்படியே போனால் யார்மேல் போடுவது? கோல்ப் கற்றுக்கொள்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வியாதி வருகிறது என்றும், சிலருக்கு ஆயுள் முழுவதும் போகிறதே இல்லை என்றும் விவரம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள்.

"தம்மம்பட்டிக்காரனான உனக்கு இந்தத் துரைமார் ஆட்டத்தில் என்ன அக்கறை?" என்று வாசகர்கள் கேட்பது நியாயந்தான். எங்கள் ஊரில் கோல்ப் மைதானம் கிடையாது. ஒரு பக்கம் கொல்லிமலை, மறுபக்கம் பச்சைமலை, நடுவில் வருஷத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் சுவேத நதி. சேலம் மாவட்டத்துக்கு வெளியே யாராவது எங்கள் ஊரின் பெயரைக் கேள்விப்பட்டிருந்தால் அது மரச்சிற்பத்தினால்தான். வாகை மரத்துண்டு ஒன்றை எடுத்து, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு, தசாவதாரமாகவும் பிள்ளையாராகவும் குதிரை வாகனமாகவும் ஆக்கிவிடுகிற கைகள் எங்கள் தெருக்களில் இருக்கின்றன. விடிந்ததும் சேவல் கூவுவதற்குப் போட்டியாக 'டொக், டொக்' என்று கொட்டாப்புளிச் சத்தம் கேட்கும் ஊர் இது.

அப்படிப்பட்ட ஊருக்குள் கோல்ப் எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்த ஆட்டம் நம் தேசத்துக்குப் புதிதல்ல. 1829-ஆம் வருஷத்திலேயே கல்கத்தாவில் கோல்ப் சங்கம் ஏற்பட்டுவிட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய மிகப் பழைய கோல்ப் சங்கம் அதுதான். நம் பக்கத்தில் கொடைக்கானலில் 1895-இல் ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரர்கள் மட்டை வீச, நம்மவர்கள் பை சுமந்தார்கள். வெள்ளைக்காரர்கள் போன பிறகு உத்தியோகஸ்தர்களும் வியாபாரிகளும் மட்டையை வாங்கிக்கொண்டார்கள். பை சுமப்பது மட்டும் அதே ஜனங்களிடம் நின்றது.

என் பள்ளித் தோழன் ஒருவன் மலேசியாவில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளனாக இருக்கிறான். அங்கே கோல்ப் ஆடத் தெரியாத மேலதிகாரி, வெற்றிலை போடத் தெரியாத தவில் வித்வானைப் போல் அபூர்வமாம். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பேசி முடித்த பிறகுதான் திங்கட்கிழமை காகிதத்தில் கையெழுத்து ஆகிறது என்றான். ஆகவே அவனும் கற்றுக்கொண்டான். நாற்பது வயதுக்குமேல் கற்றுக்கொண்ட எந்த வித்தையும் உடம்பில் ஒட்டுவது சிரமம். அவனுக்கு வித்தை ஒட்டவில்லை, வியாதி ஒட்டிக்கொண்டது.

அவன் செய்யாத வைத்தியம் இல்லை. புது மட்டை வாங்கினான். பந்தின் விலையை உயர்த்திப் பார்த்தான். கைப்பேசியில் ஆயிரம் குருமார்கள் உபதேசம் செய்கிறார்களே, ராத்திரி இரண்டு மணி வரைக்கும் அதைக் கேட்டான். ஒரு குரு தலையை ஆட்டாதே என்றார். இன்னொருவர் இடுப்பை முதலில் திருப்பு என்றார். மூன்றாமவர் மூச்சைப் பார் என்றார். மூவர் சொன்னதையும் ஒரே வீச்சில் செய்து பார்த்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. கடைசியில் சுயபுத்தியால் ஓர் உபாயம் கண்டான். பந்து வலப்பக்கம்தானே போகிறது? கொடிக்கு இடப்பக்கமாகக் குறி வைத்துவிட்டால் வளைந்து வந்து சரியாக விழுந்துவிடாதா?

கேட்பதற்கு வெகு சாமர்த்தியமாக இருக்கிறது அல்லவா? இடப்பக்கம் குறி வைக்க வைக்கப் பந்து இன்னும் அதிகமாக வலப்பக்கம் ஓடியது. அதற்குக் காரணம் உண்டு. கொஞ்சம் விஞ்ஞானம் சொல்கிறேன். பயப்பட வேண்டாம், புளி கரைப்பதைவிடக் கஷ்டமானதல்ல.

அடிபட்ட கோல்ப் பந்து சும்மா பறப்பதில்லை, சுழன்றுகொண்டே பறக்கிறது. மட்டையின் முகம் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், பந்து பின்னோக்கிச் சுழலும். ஒரு நிமிஷத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் சுற்று என்பது சாதாரணம். வண்டிச் சக்கரத்துக்கு இருசு இருப்பது போல் இந்தச் சுழற்சிக்கும் ஓர் அச்சு உண்டு. அச்சு தரைக்குச் சமமாக இருந்தால், சுழற்சி பந்தைக் காற்றில் மேலே தூக்கிப் பிடிக்கும். பந்து நேராக வெகுதூரம் போகும். அச்சு வலப்பக்கம் சாய்ந்துவிட்டால், மேலே தூக்க வேண்டிய அந்தச் சக்தியே பந்தைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விடும். வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

அச்சு ஏன் சாய்கிறது? மட்டை போகிற திசை ஒன்று. மட்டையின் முகம் பார்க்கிற திசை ஒன்று. இரண்டும் ஒன்றாக இருந்தால் சாய்வு இல்லை. ஸ்லைஸ் அடிக்கிறவரின் மட்டை, உடம்புக்கு வெளியிலிருந்து உள்நோக்கி, அதாவது இடப்பக்கமாக வெட்டிக்கொண்டு வருகிறது. முகமோ அந்தப் போக்குக்கு வலப்புறமாகத் திறந்து கிடக்கிறது. கால் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். இடப்பக்கம் குறி வைத்தால் மட்டை இன்னும் அதிகமாக இடப்பக்கம் வெட்டும். கொடியின்மேல் ஆசை விடாத முகம் மட்டும் பழைய இடத்தையே பார்க்கும். இரண்டுக்கும் உள்ள பிளவு பெரிதாகும். பந்து இன்னும் அதிகமாக வளையும். கடனை அடைக்கக் கடன் வாங்குகிற கதைதான்.

இந்த வளைவைப் பற்றி யோசித்தவர்கள் சாமானியர்கள் அல்லர். 1672-இல் நியூட்டன், ஒளியைப் பற்றி எழுதிய கடிதத்தில், சாய்த்து அடித்த டென்னிஸ் பந்து வளைந்து போவதைக் குறிப்பிட்டிருக்கிறார். 1742-இல் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் துப்பாக்கிக் குண்டுகள் வழி தவறுவதற்கும் சுழற்சியே காரணம் என்று எழுதினார். 1852-இல் மாக்னஸ் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் இதைச் சோதித்துக் காட்டினார். இன்றும் அவர் பெயரால்தான் அது வழங்குகிறது. 1890-களில் எடின்பரோவில் டெய்ட் என்ற கணித மேதை, கோல்ப் பந்தையே எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். பின்னோக்கிய சுழற்சிதான் பந்தை அவ்வளவு தூரம் சுமந்து செல்கிறது என்று கண்டு சொன்னவர் அவர். அவருடைய மகன் பிரெடி டெய்ட் பெரிய ஆட்டக்காரன். 1896-இலும் 1898-இலும் பிரிட்டனின் அமெச்சூர் சாம்பியன் பட்டம் பெற்றவன். அப்பா காகிதத்தில் பந்தைச் சுழற்றினார். பிள்ளை புல்வெளியில் சுழற்றினான். 1900-இல் அந்தப் பிள்ளை தென்னாப்பிரிக்க யுத்தத்தில் இறந்துபோனான். தகப்பனாரும் அடுத்த வருஷமே காலமானார்.

பந்தின் மேலே அம்மைத் தழும்பு போல் குழிகள் இருக்கின்றனவே, அதற்கும் ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் பந்து செய்தார்கள். புதுப் பந்து வழவழவென்று அழகாக இருக்கும், பறக்கத்தான் தெரியாது. அடிபட்டு, வெட்டுப்பட்டு, மேனியெல்லாம் வடுவான பழைய பந்துதான் நன்றாகப் பறந்தது. அதைக் கவனித்தவர்கள் புதுப் பந்திலேயே சுத்தியலால் கொத்தி வடு உண்டாக்கினார்கள். 1905-இல் டெய்லர் என்ற ஆங்கிலேயர் குழிப் பந்துக்கு உரிமை பெற்றார். இன்றைய பந்தில் முந்நூறிலிருந்து ஐந்நூறு குழிகள் வரை இருக்கின்றன. வடுப்பட்டதுதான் வெகுதூரம் போகும் என்று இதிலிருந்து தத்துவம் எடுக்க நான் தயாராக இல்லை. ஆனால் இந்தச் செய்தி எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பந்து எந்தப் பக்கம் புறப்படும் என்பதை மட்டை வீசும் திசைதான் தீர்மானிக்கிறது என்று பல வருஷங்களாகப் புத்தகங்களில் எழுதிவந்தார்கள். பயிற்சி கொடுத்தவர்களும் அப்படியே சொன்னார்கள். பிறகு ராடார் கருவிகள் வந்தன. மட்டையும் பந்தும் சேர்ந்திருப்பது ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரந்தான். அதற்குள் நடப்பதை அந்தக் கருவிகள் அளந்து பார்த்ததில் விஷயம் தலைகீழாக இருந்தது. பந்து பெரும்பாலும் முகம் பார்க்கிற பக்கமாகத்தான் புறப்படுகிறது. முகத்துக்கும் வீச்சுக்கும் உள்ள பிளவு, அது பிறகு எவ்வளவு வளையும் என்பதை முடிவு செய்கிறது. கருவி வருவதற்கு முன்பே இதைக் கையால் அறிந்தவர்கள் உலகத்தில் இருந்திருப்பார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டது இதில் மட்டுமா? மைதானத்தில் பை சுமக்கிற கேடியைப் பாருங்கள். ஆயிரம் பேருடைய வீச்சைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் அவன். ஆனால் அவன் மட்டையைத் தொடுவதற்கே காலம் பிடித்தது. இந்திய ஓப்பன் பந்தயம் 1964-இல் ஆரம்பித்தது. முதல் வருஷம் ஜயித்தவர் ஆஸ்திரேலியரான பீட்டர் தாம்ஸன். நம் தேசத்துத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் அதை ஜயிப்பதற்கு 1991 வரை ஆகிவிட்டது. அந்த அலி ஷேர், டில்லியில் கேடியாக இருந்தவர். 2009-இல் ஜயித்த முனியப்பா, பெங்களூரில் பை சுமந்தவர். 2016-இலும் 2017-இலும் அடுத்தடுத்து ஜயித்த சௌரஸியாவின் தகப்பனார், கல்கத்தா மைதானத்தில் புல்தரையைப் பராமரித்தவர். பக்கத்தில் நின்று பார்க்கிற கண்ணுக்கு இருக்கிற கூர்மை, சந்தா கட்டி ஆடுகிற கண்ணுக்கு வருவதில்லை.

எங்கள் ஊரிலும் அப்படி ஒரு கண் இருந்தது. அது என் தோழனின் தகப்பனாருடையது.

அவர் மரச்சிற்பி. எழுபத்தெட்டு வயது. இன்றைக்கும் காலையில் பட்டறையில் உட்கார்ந்துவிடுவார். இரண்டு பையன்கள் அவரிடம் தொழில் கற்கிறார்கள். இருவரும் வேறு வீட்டுப் பிள்ளைகள். சொந்தப் பிள்ளை உளியைத் தொட்டு முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. பன்னிரண்டு வயதில் தொழில் பழகும்போது உளி சறுக்கி, மரத்தை அணைத்திருந்த இடது காலில் இறங்கிவிட்டது. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. மறுநாளிலிருந்து தகப்பனார் அவனைப் பட்டறைக்குள் விடவில்லை. 'படி' என்று ஒரே வார்த்தை சொன்னார். அவனும் படித்தான், நன்றாகப் படித்தான், கடல் தாண்டிப் போனான், அப்பாவுக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்பினான். ஆனால் என்னிடம் பேசும்போது மட்டும் சிரித்துக்கொண்டே சொல்வான்: "எங்கப்பா கணக்குல நான் கைக்கு உதவாத மரம்டா. அதனாலதான் வெளியூருக்கு அனுப்பிட்டாரு." சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக அவன் ஊருக்கு வந்தான். வரும்போது இரண்டு மட்டைகளும் ஒரு டஜன் பந்துகளும் கூட வந்தன. திரும்பிப் போனதும் தொழிற்சாலையின் மேல்தட்டுக்காரர்களோடு ஒரு பந்தயம் இருக்கிறதாம். தினமும் விடியற்காலையில் என்னையும் எழுப்பி ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு போவான். கரையோரத்தில் இறுகிக் கிடந்த மணலில் பந்தை வைத்து, தூரத்தில் ஒரு கழியில் சிவப்புத் துண்டைக் கட்டி, அடிக்க ஆரம்பிப்பான். பந்து பொறுக்கித் தரத் தெருப் பையன்கள் நால்வர். பந்து ஒன்றுக்கு ஐந்து ரூபாய். முதல் நாள் துண்டுக்கு நேராக நின்றார்கள். இரண்டாம் நாள் ஒருவரும் அங்கே நிற்கவில்லை. வெகுதூரம் வலப்பக்கம் தள்ளி, எருக்கஞ்செடிகளுக்குப் பக்கத்தில், நால்வரும் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டார்கள். கோல்ப் சாஸ்திரம் ஒன்றும் படிக்காத பிள்ளைகள்!

நாலாம் நாள் பெரியவர் வந்தார். வாயில் வேப்பங்குச்சி, கைகள் முதுகுக்குப் பின்னால். ஏதோ அந்தப் பக்கம் காலாற வந்தவர் போல் நின்றார். பிள்ளை அவரைப் பார்த்துவிட்டு, இன்னும் பலமாக அடித்தான். பந்து இன்னும் அதிகமாக வளைந்தது. பெரியவர் பந்தைப் பார்க்கவே இல்லை. மட்டை மணலில் கீறியிருந்த கோட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"இது இப்ப அடிச்ச கோடா?"

"ஆமாம்பா."

"பந்து எங்க போச்சு?"

"எருக்கஞ்செடிகிட்ட."

"கோடு இந்தப் பக்கம் போவுது. பந்து அந்தப் பக்கம் போவுது. அந்தக் கோலைக் கொடு."

மட்டையை வாங்கி, உளியைச் சாணை பிடித்துவிட்டுப் பார்ப்பாரே, அது போல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியைப் பார்த்தார்.

"இதுக்கு முகம் எதுடா?"

"இதோ, இதுதான்."

"அடிக்கறப்போ இது எந்தப் பக்கம் பார்க்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

பிள்ளை பதில் சொல்லவில்லை. பெரியவர் வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உளியும் இதாந் தம்பி. கொட்டாப்புளி நேராத்தான் விழும். உளி வாய் சாஞ்சிருந்தா வெட்டு சாஞ்சுதான் போவும். சாயுதேன்னு இன்னும் ஓங்கி அடிச்சா, இன்னும் சாயும். அடியைத் திருத்தி ஒண்ணும் ஆவாது. பிடியைத் திருத்தணும்."

பிறகு மட்டையைப் பிள்ளையிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அவனுடைய இடது கை விரல்கள் வெளுத்துப் போகும்படி இறுகியிருந்தன.

"ஏண்டா கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிற? ஓடியா போயிடும்? கோழிக்குஞ்சைப் பிடிச்ச மாதிரி பிடி. நழுவவும் கூடாது, சாவவும் கூடாது."

அவர் தம் கையால் பிள்ளையின் மணிக்கட்டைப் பற்றி, இடது கையைப் பிடியின்மேல் சற்றே வலப்பக்கமாகத் திருப்பி வைத்தார். ஒரு முட்டி தெரிந்த இடத்தில் இப்போது மூன்று முட்டிகள் தெரிந்தன. பந்துக்கு அப்பால், கொஞ்சம் பின்னால் தள்ளி, ஒரு தேங்காய்த் தொட்டியைக் கவிழ்த்து வைத்தார். "இதைத் தொடாம அடி. இந்தப் பக்கமா உள்ள இருந்து வா" என்றார். அவ்வளவுதான் பாடம்.

முதல் வீச்சில் தேங்காய்த் தொட்டிதான் பறந்தது. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாவது பந்து தரையோடு ஓடிற்று. மூன்றாவது முன்போலவே எருக்கஞ்செடிக்குப் போனது. ஐந்தாவதோ ஆறாவதோ, சரியாக நினைவில்லை, ஒரு பந்து எழும்பியது. துண்டு கட்டிய கழியின் தலைக்குமேல் போய் அப்படியே மணலில் விழுந்தது. யாரும் அங்கே நிற்காததால் எடுக்க ஆள் இல்லை. பெரியவர், "ஊம்" என்றார். எட்டு மணி வெயில் ஏறுவதற்குள், பத்துக்கு நாலைந்து நேராகப் போக ஆரம்பித்தன. வைத்தியம் பலித்தது என்பதற்கு நான் வேறு அத்தாட்சி தேடவில்லை. பையன்கள் எழுந்து, எருக்கஞ்செடியை விட்டுத் துண்டுப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பிற்பாடு நான் விசாரித்ததில், தேர்ந்த பயிற்சியாளர்கள் சொல்வதும் இதே மூன்றுதான் என்று தெரிந்தது. இடது கையைச் சற்று வலப்பக்கம் திருப்பிப் பிடித்தால் முகம் திறந்து கிடக்காமல் தானே மூடும். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டும் முன்கையும் மரத்துப்போய் முகத்தைத் திருப்ப முடியாது. ஆகவே பிடி தளர வேண்டும். பந்துக்கு வெளியே ஒரு தடையை வைத்துப் பழகினால் வெளியிலிருந்து வெட்டுகிற வழக்கம் விட்டுப்போகும். முதலில் முகம், பிறகுதான் வீச்சு என்ற வரிசையையும் அவர்கள் வற்புறுத்துகிறார்கள். மணலிலோ புல்லிலோ மட்டை கீறிய கோட்டைப் படித்து நோயைக் கண்டுபிடிப்பதும் அவர்கள் வழக்கம். அதற்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவும் அல்ல.

ஆட்டம் முடிந்து கரையில் உட்கார்ந்தோம். தோழன் காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தான். பெரியவர் அந்தக் காலைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அன்னிக்கும் இதே பிடிதாண்டா" என்றார்.

"எதுப்பா?"

"உளி சறுக்கின அன்னிக்கு. இப்படித்தான் நெரிச்சுப் பிடிச்சிருந்தே. வாய் சாஞ்சு போச்சு. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். சொல்றதுக்குள்ள இறங்கிடுச்சு."

தோழன் மணல் தட்டுவதை நிறுத்தினான்.

"ரத்தத்தைப் பார்த்து உங்கம்மா அழுதா. நீ அழுதே. எனக்குப் பயமாப் போச்சு. பிடியைச் சொல்லிக் கொடுத்திருந்தாப் போதும். உளியைப் பிடுங்கிட்டேன்."

"எனக்குக் கை வராதுன்னுதான் பட்டறையை விட்டு நிறுத்திட்டீங்கன்னு நான்..."

"கை வராதுன்னு யாருடா சொன்னது?" பெரியவரின் குரல் உயர்ந்துவிட்டது. "அந்த வயசுல குதிரைக்குக் கண் திறந்தவன் நீ. உன் வயசுல எனக்குக் கால்கூட வராது."

அதற்குமேல் இருவரும் பேசவில்லை. எனக்கு அந்தச் சமயத்தில் கொல்லிமலையைப் பார்ப்பது மிகவும் அவசியமாகப் பட்டது. அந்தப் பக்கம் திரும்பி, மேகம் இறங்குகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். தை மாதத்தில் ஏது மேகம்?

அவன் சிற்பியாகவே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்று நான் கணக்குப் போடவில்லை. மரத்தைத் தேடி அலைவதையும், நாலு மாத உழைப்புக்கு வியாபாரி கொடுக்கிற விலையையும் எங்கள் ஊரில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவனுடைய சம்பளத்தில்தான் அந்த வீட்டின் மேல்மாடி எழும்பிற்று. தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்று. தகப்பனார் 'படி' என்று சொன்னதில் பிசகு காண என்னால் ஆகாது. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு அவர் வைத்த அர்த்தம் ஒன்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எடுத்துக்கொண்ட அர்த்தம் வேறொன்று. இடையில் முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. இருவரும் நல்லவர்கள். இருவரும் ஒருவருக்கொருவர் குறை வைக்காதவர்கள். கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும்.

நம் வீடுகளில் தகப்பனும் வளர்ந்த பிள்ளையும் பேசிக்கொள்வதே அபூர்வம் என்பதை நான் சொல்லி வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நடுவில் அம்மா இருக்கும்வரை அவள் தபால்காரியாக இருந்து இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கம் கொண்டுபோவாள். அவள் போன பிறகு தபால் நின்றுவிடும். என் தோழன் வீட்டில் அந்தத் தபால் நின்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் மலேசியாவிலிருந்து கூப்பிடுவான். "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "உடம்பு எப்படி இருக்கு?" "இருக்கு." "பணம் வந்துச்சா?" "வந்துச்சு. வச்சிடட்டுமா?" ஒரு நிமிஷம் ஆவதற்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் பேச விஷயம் இருக்காது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுகிறான். மைதானத்திலிருந்து திரும்பியதும் கூப்பிடுகிறானாம். பட்டறையில் பழகுகிற பையன் ஒருவன் பெரியவரின் கைப்பேசியில் முகம் தெரிகிற மாதிரி வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். அங்கே அவன் அடித்த வீச்சைப் படம் பிடித்து அனுப்புகிறான். இங்கே இவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். பந்தயத்தில் அவன் ஜயிக்கவில்லை. கடைசிக்கு முந்தி வந்தான். அதற்காக ஒருவரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

சென்ற ஞாயிறு நான் எதற்கோ பட்டறைப் பக்கம் போனேன். பெரியவர் வாகை மரத்தில் பாதி முடிந்த ஒரு யானையை மடியில் அணைத்துக்கொண்டு, கைப்பேசியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்:

"மறுபடி நெரிக்கிறே பாரு... இடது கையைப் பாருடா, இடது கையை!"

நான் திண்ணையில் உட்கார்ந்து காத்திருந்தேன். அவர் பேசி முடிக்க அரை மணி ஆயிற்று.